ஊசிக்கு முன்னும் பின்னும்

எடை குறைக்கும் ஊசி மருந்தைப் பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ என்ற பெயரில் டிர்செபடைட் இந்தியச் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூனில் வெகோவி என்ற பெயரில் செமாக்ளூடைட் வந்தது. செமாக்ளூடைட்டுக்கு இந்தியாவில் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். அதன் பிறகு நம் நாட்டு நிறுவனங்களே அதைத் தயாரித்து விற்கலாம், விலையும் இறங்கும். நேற்றுவரை பணக்காரர் வீட்டு மருந்தாக இருந்தது நாளை நம் தெருக்கோடி மெடிக்கல் ஷாப்புக்கு வந்து சேரும். அப்போது நம் வீடுகளில் எழப்போகும் கேள்வி, "இந்த மருந்து நல்லதா கெட்டதா?" என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வியை நான் வேறு விதமாகக் கேட்கச் சொல்கிறேன். ஊசி போட்டுக்கொண்ட பிறகு அந்த மனிதரைப் பார்த்துக்கொள்கிறவர் யார்? இந்த மருந்தின் பாதுகாப்பில் பாதி புட்டியில் இருக்கிறது. மறுபாதி, சீட்டு எழுதிக் கொடுத்தவர் அதற்குப் பிறகு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் என்ன செய்கிறார் என்பதில் இருக்கிறது. அந்த மறுபாதி இல்லாமல் முதல் பாதியை மட்டும் காசு கொடுத்து வாங்க முடியும் என்று நினைப்பதுதான் ஆபத்து. இதை நிறுவுவதுதான் இன்றைய என் பேச்சு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் இந்த மருந்துக்கு எதிரி அல்லன். "வாயைக் கட்டினால் போதாதா, நாலு தெரு நடந்தால் போதாதா, இதற்கு ஓர் ஊசியா?" என்று கேட்பவர்கள் நம் குடும்பங்களில் நிறையப் பேர். அவர்களிடம் நான் கேட்கிறேன்: இத்தனை ஆண்டுகளாக அந்த அறிவுரையைச் சொல்லி வந்தோமே, பலன் என்ன? 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் 40 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு 2023இல் வெளியானபோது, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி என்று மதிப்பிட்டது. நம் உடம்பின் வாகும் தனி. 2004இல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யூட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் உயரத்துக்கான எடைக் கணக்கு, அதாவது பி.எம்.ஐ., ஒன்றே: 22.3. ஆனால் யூட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக் உடம்பில் 21.2 விழுக்காடு. பார்வைக்கு மெலிந்தவர், உள்ளே கொழுப்பு. அதனால்தான் இந்தியர்களுக்கு 25ஐத் தாண்டினாலே உடற்பருமன் என்று நம் மருத்துவர்கள் கணக்கை மாற்றி வைத்தார்கள். பசியும் நிறைவும் மூளையும் குடலும் சேர்ந்து நடத்தும் வேலை. அந்த வேலை கெட்டுப்போனவரைப் பார்த்து மனவலிமை இல்லை என்று ஏசுவது மருத்துவமும் ஆகாது, மனிதத்தன்மையும் ஆகாது. செமாக்ளூடைட்டை 17,604 பேரிடம் சோதித்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. அவர்கள் ஏற்கெனவே இதய, ரத்தக்குழாய் நோய் கண்டவர்கள், பருமனானவர்கள், சர்க்கரை நோய் இல்லாதவர்கள். அவர்களிடையே மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் சாவு ஆகிய மூன்றும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. இவ்வளவு பயனுள்ள மருந்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆகவேதான் அதைச் சரியாகப் பயன்படுத்தச் சொல்ல நமக்கெல்லாம் கடமை இருக்கிறது.

சற்றே வரலாற்றுக்குப் போவோம். எடை குறைக்கும் மருந்துகளின் வரலாறு துயரமானது. 1930களில் அமெரிக்காவில் டைநைட்ரோஃபீனால் என்ற வேதிப்பொருளை எடை குறைக்க விழுங்கினார்கள். வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் புழங்கிய பொருள் அது. எடை குறைந்தது உண்மை. கூடவே உடம்பு அனலாய்க் கொதித்துச் செத்தவர்கள் உண்டு, கண்புரை வந்து பார்வை இழந்தவர்கள் உண்டு. 1990களில் ஃபென்ஃபுளுரமின், ஃபென்டர்மின் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் அங்கே பரவியது. தனித்தனியே அனுமதி பெற்ற மருந்துகள்தாம். சேர்த்துக் கொடுக்க யாரும் அனுமதி தரவில்லை. ஆனாலும் லட்சக்கணக்கானோர் சாப்பிட்டார்கள். 1997இல் மேயோ மருத்துவமனை மருத்துவர்கள் 24 பெண்களைப் பற்றி எழுதினார்கள். அந்தப் பெண்களின் இதய வால்வுகள் பழுதாகியிருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபென்ஃபுளுரமின் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அடுத்து வந்தது சிபுட்ரமின். நம் நாட்டிலும் விற்றது. சுமார் பத்தாயிரம் பேரை மூன்று ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்தது. 2010இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் நிறுத்தின, 2011இல் இந்தியா தடை செய்தது. இந்தக் கதைகளைக் கேட்டு, "ஆகவே புதிய மருந்தும் நஞ்சுதான்" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நான் காட்ட விரும்புவது வேறு. வால்வுப் பழுதைக் கண்டுபிடித்தது எது? மருந்து சாப்பிட்டவரை மறுபடி உட்காரவைத்துச் சோதித்த மருத்துவரின் கவனம். சிபுட்ரமினின் கேட்டைக் கண்டுபிடித்தது எது? ஆண்டுக்கணக்கில் விடாமல் பின்தொடர்ந்த ஆய்வு. பார்த்துக்கொள்ள ஆள் இருந்த இடத்தில் கேடு வெளியே வந்தது. ஆள் இல்லாத இடத்தில் கேடு நடந்தது, ஆனால் யாருக்கும் தெரியவில்லை.

இனி இன்றைய மருந்துக்கு வருகிறேன். 2021இல் வெளியான செமாக்ளூடைட் ஆய்வில் 1,961 பேர் பங்கெடுத்தார்கள். 68 வாரத்தில் மருந்து பெற்றவர்கள் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தார்கள், வெற்று ஊசி பெற்றவர்கள் 2.4 விழுக்காடு குறைந்தார்கள். விளம்பரத்திலும் பேச்சிலும் இந்த 14.9 மட்டும் ஊர் சுற்றுகிறது. அந்த 14.9 எப்படி வந்தது என்பது ஊர் சுற்றுவதில்லை. ஆய்வில் இருந்த ஒவ்வொருவருக்கும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை தனியாக உணவு, உடற்பயிற்சி ஆலோசனை உண்டு. அன்றாட உணவில் 500 கலோரி குறைக்கவும், வாரம் 150 நிமிடம் உடலை அசைத்து வேலை செய்யவும் சொல்லிக்கொடுத்தார்கள். அண்மையில் கணைய அழற்சி வந்தவர்களை உள்ளேயே விடவில்லை. டோஸையும் படிப்படியாகத்தான் ஏற்றினார்கள். வாரம் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு படியாக 0.5, 1, 1.7 என்று ஏறி, 16 வாரம் கழித்தே 2.4 மில்லிகிராமைத் தொட்டார்கள். இவ்வளவு கவனிப்புக்குப் பிறகும் பித்தப்பைக் கோளாறு மருந்து பெற்றவர்களில் 2.6 விழுக்காட்டினருக்கு வந்தது, வெற்று ஊசி பெற்றவர்களில் 1.2 விழுக்காட்டினருக்கு. வாந்தி, குமட்டல், வயிற்றுப்போக்கு தாங்காமல் மருந்தை விட்டவர்கள் 4.5 விழுக்காட்டினர். நண்பர்களே, ஆய்வு சோதித்தது வெறும் திரவத்தை மட்டுமா? திரவத்தையும் அதைச் சுற்றி நின்ற மனிதர்களையும் சேர்த்தே சோதித்தது. மனிதர்களை விட்டுவிட்டுத் திரவத்தை மட்டும் வாங்குகிறவருக்கு அந்த ஆய்வின் பலனும் உறுதி இல்லை, அதன் பாதுகாப்பும் உறுதி இல்லை.

"உடம்பிலேயே சுரக்கும் ஹார்மோனின் நகல்தானே, இதில் என்ன ஆபத்து?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் தோன்றுகிறது. சாப்பிட்டவுடன் நம் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது இன்சுலினைத் தூண்டுகிறது, இரைப்பையை மெல்லக் காலியாக்குகிறது, போதும் என்று மூளைக்குச் சொல்கிறது. ஆனால் அந்த இயற்கை ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் கரைய ஏறத்தாழ இரண்டு நிமிடம் போதும். செமாக்ளூடைட் பாதியாகக் கரைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். முழுதும் வெளியேற ஐந்து வாரம் போலப் பிடிக்கும். இந்த வேற்றுமையில்தான் எல்லாம் இருக்கிறது. தலைவலி மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மறுநாள் விட்டுவிடலாம், அதோடு போயிற்று. இந்த ஊசியில் டோஸ் தவறிவிட்டால் உள்ளே போனதைத் திரும்ப எடுக்க வழி இல்லை. நாள்கணக்கில் வாந்தி, தண்ணீர் கூடத் தங்காத நிலை, நீர் வற்றி சிறுநீரகம் பாதிக்கப்படும் நிலை வரைக்கும் போகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024இல் ஓர் எச்சரிக்கை விட்டது. மருந்துக் கடைகளில் கலந்து புட்டியில் கொடுத்த செமாக்ளூடைட்டைச் சிலர் தாங்களே சிரிஞ்சில் உறிஞ்சி, எழுதிக் கொடுத்ததைவிட ஐந்து மடங்கு முதல் இருபது மடங்கு வரை போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார்கள். மில்லிகிராமுக்கும் சிரிஞ்சில் உள்ள யூனிட்டுக்கும் நடுவே ஏற்பட்ட குழப்பம் அது. இந்தியாவுக்கு டிர்செபடைட் முதலில் வந்ததே புட்டியில்தான். எனவே முதல் ஊசியை மருத்துவமனையில் செவிலியர் முன்னால் நீங்களே போட்டுக் காட்டுங்கள். சரியாகத்தான் போடுகிறீர்கள் என்று அவர் சொன்ன பிறகு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். இரண்டு மூன்று வாரம் ஊசி விட்டுப்போயிற்றா? விட்ட இடத்தில், அதே பெரிய டோஸில் தொடராதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள். கீழ்ப்படியிலிருந்து மறுபடி ஏற வேண்டியிருக்கலாம்.

மருந்தை எங்கே வாங்குகிறோம் என்பதும் இதில் அடக்கம். 2023இல் பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில், ஒசெம்பிக் என்ற பெயரிலும் விற்கும் செமாக்ளூடைட்டின் போலி பிடிபட்டது. 2024இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பற்றி உலகத்துக்கே எச்சரிக்கை கொடுத்தது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது, அழகு நிலையத்தில் போட்டுவிடுகிறார்கள், வெளிநாட்டிலிருந்து தெரிந்தவர் கொண்டுவந்தார் என்றால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பில் கொடுக்காத இடத்தில் வாங்க வேண்டாம். இன்னொன்று, நம் வெயில். தொடங்காத மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. வெளியே வைக்க அனுமதி உள்ள நாள்களிலும் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. சித்திரை, வைகாசியில் வேலூரிலும் திருச்சியிலும் 30 டிகிரி எங்கே இருக்கிறது? வண்டியின் டிக்கியில் வைத்து ஒரு மதியம் முழுக்க அலைந்தால் மருந்து கெட்டுவிடலாம், கெட்டதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

அடுத்து, யாருக்கு இது கூடாது? குடும்பத்தில் மெடுலரி வகைத் தைராய்டு புற்றுநோய் வந்திருந்தால் கூடாது. கணைய அழற்சி வந்தவர்கள், சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் தொடங்கும் முன்பே அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சர்க்கரைக்குக் கிளிமெபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அந்த டோஸைக் குறைக்காமல் இந்த ஊசியைச் சேர்த்தால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடலாம். நம் ஊரில் கிளிமெபிரைடு சாப்பிடாத சர்க்கரை நோயாளி வீடு எத்தனை? எடை இறங்க இறங்க ரத்த அழுத்த மாத்திரையும் மிகையாகிவிடலாம். எழுந்து நின்றால் தலை சுற்றலாம். அறுவை சிகிச்சை வந்தால், இந்த ஊசி போடுகிறேன் என்பதை மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பட்டினி இருந்தும் இரைப்பையில் உணவு மிச்சம் இருக்கலாம், மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போகலாம். மேல்வயிற்றில் கடும் வலி எழுந்து முதுகுக்குப் பரவினால், கண் மஞ்சளித்தால், பார்வை திடீரென மங்கினால், அடுத்த ஊசியைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெண்களைப் பற்றித் தனியே பேச வேண்டும். நிச்சயதார்த்தம் முடிந்ததும், "கல்யாணத்துக்குள் பத்துக் கிலோ குறைய வேண்டும்" என்று பெண்ணுக்கு நெருக்கடி கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த நெருக்கடிக்கு இந்த ஊசி வசதியான விடையாகிவிடுமோ என்று நான் அஞ்சுகிறேன். கணக்கைப் பாருங்கள். செமாக்ளூடைட் முழு டோஸை எட்டவே 16 வாரம் ஆகும். மூன்று மாதத்தில் கல்யாணம் என்று அவசரப்பட்டுப் படிகளைத் தாண்டினால் மிஞ்சுவது வாந்தியும் முடி கொட்டலும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கர்ப்பத்தில் இந்த மருந்து கூடாது. செமாக்ளூடைட்டைக் கருத்தரிக்கத் திட்டமிடும் முன் குறைந்தது இரண்டு மாதம் நிறுத்தியிருக்க வேண்டும். கல்யாணமான மறுமாதமே விசேஷம் உண்டா என்று கேட்கும் ஊர் நம் ஊர். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்களுக்கு எடை இறங்கும்போது எதிர்பாராமல் கரு தங்கவும் கூடும். டிர்செபடைட் எடுப்பவர்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது. தொடங்கிய பிறகு நான்கு வாரமும், ஒவ்வொரு முறை டோஸ் கூடிய பிறகு நான்கு வாரமும் வேறு தடுப்பும் வேண்டும். மணமேடைக்கு முன் ஊசி போட்டுவிட்டவர், மணமேடைக்குப் பின் இந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னாரா? அவளைப் பார்த்துக்கொள்கிறவர் யார்? நோய்க்குத் தரும் மருந்தைப் புகைப்படத்துக்காகத் தருவதை மருத்துவர்களும் மறுக்க வேண்டும், பெற்றோரும் கேட்காமல் இருக்க வேண்டும்.

பசி அடங்கிவிட்டது, சாப்பாடு குறைந்துவிட்டது, எடை இறங்குகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் இறங்குவது எது? ஆய்வுகளில், குறைந்த எடையில் கால் பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பு அல்லாத திசு. தசையும் அதில் அடக்கம். முன்பு சொன்ன யாக்னிக் படத்தை நினைவில் வையுங்கள். தசை குறைந்து கொழுப்பு மிகுந்த உடம்பு நம்முடையது. ஏற்கெனவே குறைவாக உள்ள தசையையும் கரைத்துவிட்டால் அறுபது வயதில் படியேற முடியாது, விழுந்தால் எலும்பு முறியும். நம் தட்டு பெரும்பாலும் சோற்றுத் தட்டு. பசி பாதியானபோது பலரும் என்ன செய்வார்கள்? இரண்டு இட்லியும் காபியுமாகக் காலையை முடித்து, கொஞ்சம் ரசம் சோறோடு மதியத்தை முடிப்பார்கள். வயிறு நிறைந்துவிடும், புரதம் சேராது. உண்பது குறையும்போது முட்டை, மீன், பயறு, சுண்டல், தயிர் முதலில் தட்டுக்கு வர வேண்டும், சோறு பிறகு. வாரத்துக்கு இரண்டு மூன்று நாளாவது பளுவைத் தூக்கும் பயிற்சி வேண்டும். எடை காட்டும் இயந்திரத்தை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படும் மருத்துவர் இதைக் கவனிக்க மாட்டார். உணவைக் கேட்கிற, கைப்பிடி வலுவைப் பார்க்கிற, நாற்காலியிலிருந்து எழுந்து காட்டச் சொல்கிற மருத்துவர் வேண்டும்.

எல்லாவற்றிலும் குறைவாகப் பேசப்படுவது நிறுத்துவதைப் பற்றி. தொடங்குவதற்குக் கூட்டம் இருக்கிறது, நிறுத்தும்போது யாரும் இல்லை. டிர்செபடைட்டை 36 வாரம் கொடுத்துச் சுமார் 21 விழுக்காடு எடை குறைந்தவர்களை ஓர் ஆய்வில் இரண்டாகப் பிரித்தார்கள். தொடர்ந்து பெற்றவர்கள் மேலும் 5.5 விழுக்காடு குறைந்தார்கள். மருந்துக்குப் பதில் வெற்று ஊசி பெற்றவர்களுக்கோ அடுத்த 52 வாரத்தில் எடை 14 விழுக்காடு ஏறியது. செமாக்ளூடைட்டை நிறுத்தியவர்களுக்கும் ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. இதைப் பார்த்து, "விட்டால் திரும்ப வருகிறதே, பிறகு எதற்கு மருந்து?" என்று சிலர் கேட்கிறார்கள். ரத்த அழுத்த மாத்திரையை விட்டால் அழுத்தம் திரும்புகிறது, அதற்காக அந்த மாத்திரை பயனற்றது என்று சொல்கிறோமா? உடற்பருமன் நீடித்த நோய். அதன் மருந்தும் நீடித்த மருந்து. ஆனால் இதை முதல் நாளே சொல்ல வேண்டும். 2025 மார்ச்சில் டிர்செபடைட் 5 மில்லிகிராம் ஒரு புட்டி 4,375 ரூபாய், மாதத்துக்கு நான்கு. அந்தச் செலவை நகையை அடகு வைத்து ஆறு மாதம் தாங்கி, ஏழாம் மாதம் கையை விரித்தவருக்கு என்ன நடக்கும்? போன தசை அவ்வளவு சுலபமாகத் திரும்பாது, கொழுப்பு திரும்பிவிடும். தொடங்கும் முன்னே மருத்துவரிடம் கேளுங்கள்: எத்தனை ஆண்டு? மாதம் எவ்வளவு? பணம் தீர்ந்தால் எப்படி நிறுத்துவது? இந்த மூன்றுக்கும் விடை கிடைக்காமல் முதல் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, வலுவான ஒரு மறுப்பு. "நீங்கள் சொல்லும் கவனிப்பு எல்லாம் நகரத்துப் பெரிய மருத்துவமனையில் நடக்கும். கிராமத்தில் இருப்பவருக்கு மாதம் ஒருமுறை யார் ஆலோசனை சொல்வார்? உங்கள் நிபந்தனைகளால் ஏழைக்கு மருந்து கிடைக்காமல்தானே போகும்?" இந்தக் கேள்விக்கு நான் தலைவணங்குகிறேன், ஏனெனில் இதைக் கேட்பவர் ஏழையின் பக்கம் நிற்கிறார். ஆனால் கவனிப்பு இல்லாத மருந்தை ஏழைக்குக் கொடுப்பது நீதி ஆகுமா? பணக்காரருக்கு மருந்தும் மருத்துவரும், ஏழைக்குப் புட்டி மட்டும் என்ற நிலையை நான் ஏற்க மாட்டேன். கவனிப்பையே கிராமத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அது முடியாத காரியமா? 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழ்நாடு அரசின் திட்டம் தொடங்கியது. அதன் பணியாளர்கள் வீட்டு வாசலுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதே கைகளுக்கு இன்னும் சில வேலைகளைக் கற்றுக்கொடுக்கலாம். ஊசி போடுகிறவரின் எடையோடு இடுப்புச் சுற்றளவையும் குறித்துக்கொள்ளலாம். வாந்தி எத்தனை நாள், சிறுநீர் குறைந்ததா, முட்டை, பயறு சாப்பிடுகிறாரா, கிளிமெபிரைடு இன்னும் அதே டோஸ்தானா என்று கேட்கலாம். சந்தேகம் என்றால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குச் சொல்லி அனுப்பலாம். மலிவான செமாக்ளூடைட் கடைகளை நிறைக்கும் முன்பே இந்தப் பயிற்சி தொடங்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து அரசைக் கேட்டுக்கொள்கிறேன். மருந்துக் கடைக்காரர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள், பழைய சீட்டுக்கு ஏறிய டோஸைக் கொடுக்காதீர்கள். மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: சீட்டின் அடியில் அடுத்து வரவேண்டிய தேதியை எழுதுங்கள், அந்தத் தேதியில் வராதவரைத் தொலைபேசியில் அழையுங்கள்.